நினைவைத் தேடிய பொறிகள்

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதிய மாணவனுக்குக் கணக்கு என்பது பாதி அறிவு, பாதி நினைவு. முந்திரியும் காணியும் மாவும் கலந்த வாய்பாடுகளை உரக்கச் சொல்லிச் சொல்லி அவன் நெஞ்சில் ஏற்றிக்கொண்டான். நெஞ்சில் ஏறாத வாய்பாடு கைக்கு உதவுவதில்லை. பெருக்கலின் நடுவே பிறக்கும் இடைவிடையை மறந்துவிட்டவன், எத்துணை விரைவாக எண்ணக்கூடியவனாயினும் கணக்கை முடிக்கமாட்டான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின்னணுக் கணிப்பொறிகளைக் கட்ட முனைந்த அறிஞர்களும் இந்த இடத்தில்தான் வந்து தடுமாறினர். எண்ணுவதற்கு அவர்களுக்கு வழி தெரிந்திருந்தது. எண்ணியதை வைத்துக்கொள்ளத்தான் இடம் கிடைக்கவில்லை.

பழைய கணிப்பொறிகளின் வரலாற்றை விரைவின் வரலாறாகச் சொல்வதே வழக்கமாக இருந்துவருகிறது. நொடிக்கு இத்தனை கூட்டல், இத்தனை பெருக்கல் என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். அவ்வாறு சொல்வதில் பிழையில்லை. ஆயினும் அப்பொறிகள் ஏன் அவ்வளவு விந்தையான குணங்களோடு விளங்கின, அவற்றோடு பழகியவர்கள் ஏன் அவ்வளவு விந்தையான வழிகளில் சிந்திக்க நேர்ந்தது என்பவற்றை விரைவு விளக்காது, நினைவே விளக்கும்.

1946ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் பொறி உலகுக்குக் காட்டப்பட்டது. பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கணித்து அட்டவணை ஆக்குவதற்காகப் போர்க்காலத்தில் தொடங்கப்பட்ட பொறி அது. ஏறத்தாழ 30 டன் எடை. 17,468 வெற்றிடக் குழாய்கள். நொடிக்கு 5,000 கூட்டல்கள். ஒரு பெரிய அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பூதம், தன் கணக்கின் நடுவே நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய எண்கள் எத்தனை? பத்திலக்க எண்கள் இருபது. அவ்வளவே!

எண்களுக்கே இடம் இல்லாதபோது கட்டளைகளுக்கு இடம் ஏது? ஆகவே எனியாக்கின் கட்டளைகள் அதன் உள்ளே இருக்கவில்லை. வெளியே, வடங்களிலும் திருகு விசைகளிலும் இருந்தன. ஒரு கணக்கை முடித்து வேறொரு கணக்கைத் தொடங்க வேண்டுமாயின் வடங்களைப் பிடுங்கி வேறு துளைகளில் செருக வேண்டும். நொடிப்பொழுதில் நடக்கும் கணக்குக்கு ஆயத்தம் செய்யப் பல நாட்கள் பிடித்தன. அந்தப் பணியைச் செய்தவர்கள் ஆறு பெண்கள். கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காப், பிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்போர் அவர்கள். பொறியின் வரைபடங்களைப் பார்த்தே அதன் போக்கைக் கற்று, அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். அறிமுக விழாவில் பார்த்தவர்களை வியக்கவைத்த கணக்கும் அவர்கள் அமைத்ததே. அன்றிரவு நடந்த விருந்துக்கு மட்டும் அவர்களுக்கு அழைப்பு இல்லை. நிழற்படங்களில் பொறியின் அருகே நிற்கும் அப்பெண்கள் யார் என்பதைக் கேட்டறிந்து எழுத வரலாற்றாசிரியர்களுக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

எனியாக் முடிவதற்கு முன்பே அதன் குறையை அதை ஆக்கியவர்கள் உணர்ந்திருந்தனர். எண்களை வைக்கும் இடத்திலேயே கட்டளைகளையும் வைத்துவிட்டால் வடங்களைப் பிடுங்கவேண்டிய தேவையில்லை. ஜான் வான் நியூமன் 1945ஆம் ஆண்டு ஜூனில் எழுதிய வரைவு அறிக்கை இக்கருத்தைப் பலருக்கும் பரப்பியது. கருத்து எளிது. ஆனால் ஆயிரக்கணக்கான குறிகளை வைத்துக்கொள்ளவும், கேட்டவுடன் எடுத்துத் தரவும் வல்ல பொருள் எது? வெற்றிடக் குழாய்களாலேயே அத்தகைய நினைவகத்தைக் கட்டினால் பொறியின் அளவும் செலவும் கட்டுக்கடங்கா. உலகில் அப்படி ஒரு பொருள் ஆயத்தமாக இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தமக்குக் கைவந்த ஒன்றைக் கொண்டு நினைவைச் செய்யத் தலைப்பட்டனர். ஒருவர் ஒலியைப் பிடித்தார்; மற்றொருவர் ஒளித்திரையைப் பிடித்தார்; வேறொருவர் சுழலும் உருளையைப் பிடித்தார்.

மேலே செல்லுமுன் இரண்டு சொற்களை விளக்கிக்கொள்வது நலம். சுழியம், ஒன்று என்னும் இரண்டே குறிகளால் எல்லாவற்றையும் எழுதுவது இப்பொறிகளில் பெரும்பாலானவற்றின் முறை. அவ்வாறு எழுதப்படும் ஒற்றைக் குறியைப் பிட் என்பர். பொறி ஒருசேரக் கையாளும் பிட்டுகளின் தொகுதிக்குச் சொல் என்றே பெயர். தமிழாசிரியர்கள் இப்பெயரைக் கேட்டு முகம் சுளிக்கலாம். சற்றுப் பொறுத்தால் அதன் பொருத்தம் விளங்கும்.

ஒலியைப் பிடித்த கதை முதலில். போர்க்காலத்து ராடார்க் கருவிகளில் ஒரு தொல்லை இருந்தது. வானூர்தியிலிருந்து திரும்பிவரும் எதிரொலியோடு, மலை, கட்டடம் முதலிய அசையாப் பொருள்களின் எதிரொலியும் கலந்து வந்தது. முன்பு வந்த எதிரொலியைச் சற்றுத் தாமதப்படுத்தி, பின்பு வந்ததோடு ஒப்பிட்டுக் கழித்துவிட்டால், அசையாதவை மறைந்து அசைவது மட்டும் எஞ்சும். தாமதப்படுத்துவது எப்படி? மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றிப் பாதரசம் நிறைந்த குழாய்க்குள் அனுப்பினார்கள். ஒலி மின்சாரத்தைக் காட்டிலும் மிக மெதுவாகச் செல்வது. குழாயின் ஒரு முனையில் உள்ள குவார்ட்ஸ் படிகத்திலிருந்து மறுமுனைப் படிகத்தை அடைவதற்குள் தேவையான தாமதம் கிடைத்துவிடும்.

எனியாக்கை ஆக்கியவருள் ஒருவரான பிரெஸ்பர் எக்கெர்ட், இக்குழாயை நினைவகமாக்கும் வழியைக் கண்டார். மறுமுனைக்கு வந்த துடிப்பைக் கூர்மைப்படுத்தி மீண்டும் முதல் முனைக்கே அனுப்பினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும் அல்லவா? சுற்றிக்கொண்டிருக்கும் வரை அது மறக்கப்படவில்லை. மனனம் செய்யும் மாணவன் அடியை முடித்தவுடன் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதைப் போன்றது இது. நிறுத்தினால் போய்விடும்.

இம்முறையில் எழுந்த முதற் பெரும்பொறி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக். 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அது தன் முதற் கணக்கைச் செய்து, 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களைத் தாளில் அச்சிட்டுத் தந்தது. அதன் பாதரசக் குழாய்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 அடி நீளம். ஒரு குழாய்க்குள் ஒரே நேரத்தில் 576 துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயணம் செய்தன. தேவையான எண் குழாயின் நடுவே சென்றுகொண்டிருந்தால், அது முனைக்கு வந்து சேரும் வரை பொறி காத்திருக்க வேண்டும். கணிப்பொறி எண்ணத் தெரியாமல் நிற்கவில்லை. நினைவு வரட்டும் என்று நின்றது.

பாதரசத்தில் ஒலியின் விரைவு வெப்பத்தைப் பொறுத்து மாறும். அறை சற்றுச் சூடேறினாலும் துடிப்புகள் தாளம் தப்பும். இங்குதான் ஆலன் டூரிங் ஒரு வேடிக்கையான மாற்றுவழியைச் சொன்னார். நீரும் மதுச்சாரமும் ஒரு குறிப்பிட்ட அளவில் கலந்த நீர்மத்தில், அறையின் வெப்பம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் ஒலியின் விரைவு மாறுவதில்லை. அந்த அளவில் கலந்த பொருள் கடையிலேயே கிடைக்கிறது. அதன் பெயர் ஜின். கணிப்பொறிக்கு மது ஊற்றும் இந்த யோசனையை வில்க்ஸ் ஏற்கவில்லை. பாதரசத்தையே கொண்டார். ஆனால் டூரிங்கின் கணக்கில் பிழை இல்லை.

எட்சாக்கின் குணங்களுள் தமிழ் கற்பிப்போர் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அதன் நினைவகத்தில் ஒரு சொல்லுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 18 பிட். ஆயினும் ஒரு சொல்லை முடித்து அடுத்த சொல்லைத் தொடங்குவதற்குச் சுற்றமைப்புக்குச் சற்று நேரம் வேண்டியிருந்ததால், ஓரிடம் வீணாயிற்று. பயன்பட்டவை 17 மட்டுமே. பெரிய எண்களை எழுத இரண்டு சொற்களை இணைத்துக்கொள்ளலாம். பதினேழும் பதினேழும் சேர்ந்தால் எத்தனை? முப்பத்துநான்கு என்பது எவரும் சொல்லும் விடை. எட்சாக்கிலோ 35. இரண்டு சொற்களுக்கு இடையே வீணாகக் கிடந்த அந்த ஓரிடம், அவை இணைந்தவுடன் உயிர்பெற்றுவிடும். தனித்தனியே நின்றபோது இல்லாத ஒற்று, நிலைமொழியும் வருமொழியும் புணரும்போது இடையில் தோன்றுவதைப் போன்றது இது. பலா மரத்தின் கீழ் நின்று பழத்தைப் பார்த்தால் 'ப்' தெரிவதில்லை; பலாப்பழம் என்று சேர்த்துச் சொன்னால்தான் தெரிகிறது. பொறியியலார் இதை இலக்கணமாக வகுக்கவில்லை. குறையாக வந்ததைக் கொண்டு பிழைத்தார்கள்.

பொறிக்கு முதற்பாடம் சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நாடாவில் துளையிட்ட கட்டளைகளைப் படிக்க வேண்டுமாயின், படிப்பது எப்படி என்னும் கட்டளை முன்னரே நினைவில் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் பாதரசத்துக்கு எதுவும் நினைவிராது. டேவிட் வீலர் என்னும் இளைஞர் 31 கட்டளைகளாலான ஒரு சிறு தொகுதியை எழுதினார். அது நிலையான விசைகளில் பதிக்கப்பட்டு, பொத்தானை அழுத்தியவுடன் பாதரசத்துக்குள் பாய்ந்தது. ஒவ்வொரு நாளும் கணிப்பொறி அந்த அரிச்சுவடியிலிருந்தே தொடங்கியது.

ஜான் கென்ட்ரூ, மயோகுளோபின் என்னும் புரதத்தின் அமைப்பைக் கண்டறிய இப்பொறியைப் பயன்படுத்தினார். 1962இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எட்சாக் அதற்கு முன்பே, 1958ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டுப் பிரிக்கப்பட்டுவிட்டது. இடம் தேவைப்பட்டது, அடுத்த பொறி வந்துவிட்டது. உலகுக்கு நினைவைக் கற்பித்த பொறியை வைத்துக்கொள்ள எவருக்கும் நினைவு வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து பிளெட்ச்லி பார்க்கில் உள்ள கணிப்பொறி அருங்காட்சியகத்தில் அதன் மறுவடிவம் கட்டத் தொடங்கியவர்கள், எஞ்சிய வரைபடங்களையும் நிழற்படங்களையும் கொண்டே ஒவ்வொரு பகுதியாகக் கண்டறிய வேண்டியதாயிற்று. பாதரசம் நஞ்சு என்பதால் அதன் இடத்தில் நிக்கல் கம்பியை அமைத்தார்கள்.

கேம்பிரிட்ஜில் பாதரசம் சுற்றத் தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே, மான்செஸ்டரில் மற்றொரு வழி திறந்திருந்தது. பிரெடரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன் ஆகிய இருவரும் ராடார்ப் பணியிலிருந்து வந்தவர்கள். ராடாரில் படம் காட்டும் மின்கதிர்க் குழாயின் திரையில் ஒரு புள்ளியை இட்டால், அவ்விடத்தில் சிறிதளவு மின்னூட்டம் தங்கும். அப்புள்ளியின் மீது மீண்டும் கதிரைச் செலுத்தினால், முன்பு அங்கே எழுதப்பட்டது என்ன என்பதைத் திரையின் முன்னால் பொருத்திய உலோகத் தகடு உணர்ந்து சொல்லும். திரையே சிலேட்டுப் பலகை ஆயிற்று.

ஆனால் அந்தச் சிலேட்டில் எழுதிய எழுத்து ஒரு நொடிகூட நிற்பதில்லை. மின்னூட்டம் கசிந்து மறைந்துவிடும். ஆகவே மறைவதற்கு முன் ஒவ்வொரு புள்ளியையும் படித்து, படித்ததையே அதன்மேல் மீண்டும் எழுத வேண்டும். வரிசை வரிசையாக, ஓயாமல், பொறி இயங்கும் காலம் முழுவதும் இது நடக்க வேண்டும். மறதி இயல்பு; நினைவு இடையறா உழைப்பு. இதுவே வில்லியம்ஸ் குழாயின் தத்துவம்.

இது நம்பத்தக்கதுதானா என்று சோதித்துப் பார்க்கவே கில்பர்னும் ஜெப் டூட்டிலும் ஒரு சிறு கணிப்பொறியைக் கட்டினர். பிறர் பொறிக்காக நினைவகம் தேடினர். மான்செஸ்டரிலோ நினைவகத்துக்காகப் பொறி பிறந்தது. 'பேபி' என்று அன்போடு அழைக்கப்பட்ட அது, 1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் இயங்கியது. தன் நினைவிலேயே வைத்த கட்டளைகளைக் கொண்டு மின்னணுப் பொறி ஒன்று கணக்கிட்டது அதுவே முதன்முறை. அதன் நினைவகம் 32 வரிசை. வரிசைக்கு 32 புள்ளி. ஆக 1,024 பிட்டுகள். இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் மீண்டும் வரும்.

அந்தக் குழந்தைக்குக் கூட்டத் தெரியாது. கழிக்க மட்டுமே தெரியும். கூட்ட வேண்டுமானால் எண்ணை எதிர்க்குறியாக்கிக் கழித்துக்கொள்ள வேண்டும். வகுத்தலும் திரும்பத் திரும்பக் கழித்தலே. அதற்குக் கொடுக்கப்பட்ட முதல் வினா, 262,144 என்னும் எண்ணுக்கு, அவ்வெண் நீங்கலாக, மிகப்பெரிய காரணி யாது என்பது. 17 கட்டளைகளால் எழுதப்பட்ட அக்கணக்கு, ஒவ்வோர் எண்ணாக இறங்கி இறங்கிச் சோதித்து, 52 நிமிடங்களுக்குப் பின் 131,072 என்று விடை தந்தது. நான்காம் வகுப்புச் சிறுவன் பாதியாக்கி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விடை! ஆனால் நோக்கம் விடையன்று. அந்த 52 நிமிடங்களில் ஏறத்தாழ 35 இலட்சம் செயல்கள் நடந்தன. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. நினைவு நின்றது. அதுதான் செய்தி.

வில்லியம்ஸ் குழாயில் வேறெந்த நினைவகத்திலும் இல்லாத ஓர் அழகு இருந்தது. நினைவைக் கண்ணால் பார்க்கலாம். உடனிருந்த மற்றொரு திரையில் சுழியமும் ஒன்றும் புள்ளியும் கோடுமாக மின்னிக்கொண்டிருக்கும். கணக்கு முடிந்ததும் விடையை அங்கேயே படித்துக்கொள்வார்கள். ஆனால் எண்கள் இடவலமாகத் திருப்பி எழுதப்பட்டிருக்கும். மிகச் சிறிய இலக்கம் இடப்பக்கத்தில். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியது மனிதனின் கடமையாயிற்று.

பேபியிலிருந்து வளர்ந்து 1951இல் வெளிவந்த பெரரன்ட்டி மார்க் 1 பொறியில் இந்தக் கொடுமை மேலும் முற்றியது. ஐந்து ஐந்து பிட்டுகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஐந்துக்கும் தொலையச்சுப் பொறியின் ஓர் எழுத்தையோ குறியையோ இட்டு எழுத வேண்டும் என்று டூரிங் தம் கையேட்டில் விதித்தார். 32 குறிகள், 32ஐ அடியாகக் கொண்ட கணக்கு, அதுவும் தலைகீழாக. கூட்டல் வாய்பாட்டையே அக்குறிகளில் மனப்பாடம் செய்தவர்கள் இருந்தார்கள். சுழியத்துக்குரிய குறி சாய்கோடு. சுழியங்கள் நிறைந்த தாளைப் பார்த்தால் பக்கம் முழுவதும் சாய்கோடுகள் பொழிந்துகொண்டிருக்கும். மான்செஸ்டரின் ஓயாத மழை கண்ணாடிச் சன்னலில் வழிவதைப் போல் அது இருந்ததாக அங்குள்ளோர் கேலி செய்வதுண்டு. வாய்பாட்டு மனனத்திலிருந்து மாந்தரை விடுவிக்க வந்த பொறி, தனக்கென்று ஒரு புதிய வாய்பாட்டை மனனம் செய்ய வைத்தது.

ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வாணிகத்துக்குள் கணிப்பொறி நுழைந்ததும் பாதரசத்தின் வழியேதான். இலண்டனில் தேநீர்க் கடைகள் பல நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம், எட்சாக் பணிக்கு 3,000 பவுன் கொடுத்துதவி, அதன் அமைப்பைப் பின்பற்றி லியோ என்னும் பொறியைத் தானே கட்டிக்கொண்டது. 1951 நவம்பரில் ரொட்டி அடுமனைக் கணக்குகளை அது பார்க்கத் தொடங்கியது. பின்னர் ஊழியர் சம்பளம், தேயிலைக் கலவை என்று அதன் பணி விரிந்தது. கொழுந்து கிள்ளிய கைகளுக்கும் பாதரசத் துடிப்புகளுக்கும் இடையே இப்படியும் ஒரு தொடர்பு ஏற்பட்டது.

அமெரிக்காவில் அக்காலத்தில் மிகுதியாக விற்பனையானது ஐ.பி.எம். 650. 1954இல் முதற்பொறி தரப்பட்டது. ஏறத்தாழ 2,000 பொறிகள் செய்யப்பட்டன. அதன் நினைவகம் நிமிடத்துக்கு 12,500 முறை சுழலும் காந்த உருளை. பத்திலக்க எண்கள் 2,000 அதில் அடங்கும். மின்சாரம் நின்றாலும் உருளை மறவாது. பாதரசத்தைவிட அந்த வகையில் மேலானது. விலையும் மலிவு. குறை ஒன்றே. படிக்கும் முனையின் கீழே தேவையான இடம் சுழன்று வரும் வரை பொறி காத்திருக்க வேண்டும்.

கட்டளைகளை அடுத்தடுத்த இடங்களில் எழுதினால், ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் அடுத்தது முனையைக் கடந்து போய்விடும். மீண்டும் ஒரு முழுச் சுற்று வீண். ஆகவே ஒவ்வொரு கட்டளையின் இறுதியிலும், அடுத்த கட்டளை இருக்கும் இடத்தின் எண்ணைச் சேர்த்தே எழுதுமாறு பொறி அமைக்கப்பட்டது. ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலைக் கைப்பிடித்து அழைத்துவரும் அந்தாதியைப் போல, உருளையின் பல பக்கங்களிலும் சிதறிக்கிடந்த கட்டளைகள் ஒன்றையொன்று அழைத்தன. ஒரு செயலுக்கு எவ்வளவு நேரம் ஆகும், அந்நேரத்தில் உருளை எவ்வளவு திரும்பியிருக்கும் என்று கணித்து, முனைக்கு வரவிருக்கும் இடத்தில் அடுத்த கட்டளையை வைப்பதில்தான் கட்டளை எழுதுவோரின் திறமை இருந்தது. நன்றாக எழுதிய கணக்கு, ஏனோதானோ என்று எழுதிய அதே கணக்கைவிடப் பல மடங்கு விரைவாக முடியும்.

இப்பொறி எண்களைக் குறித்த முறையும் சிறப்பானது. ஓர் இலக்கத்துக்கு ஏழு குறிகள்: ஐந்தா சுழியமா என்று காட்ட இரண்டு, சுழியம் முதல் நான்கு வரை காட்ட ஐந்து. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பழைய சீன மளிகைக் கடைகளில் கணக்குச் சட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மேலே ஐந்தின் மணிகள், கீழே ஒன்றின் மணிகள் என்னும் அதே பிரிவினை! கணிப்பொறி இயலின் பெரும் நூலொன்றை எழுதத் தொடங்கிய டொனால்ட் நூத், அந்நூல் வரிசையை எந்த மனிதருக்கும் படைக்காமல், தாம் இளமையில் பழகிய ஒரு 650 பொறிக்கே படைத்தார். காத்திருக்கச் செய்த பொறியின்மீதுதான் மனிதனுக்கு எத்தனை பற்று!

ஒலியும் ஒளியும் உருளையும் ஒருசேரப் பின்தள்ளப்பட்டது காந்த வளையங்களால். ஹார்வர்டில் பணியாற்றிய சீன நாட்டவர் ஆன் வாங் 1949இல் காந்த வளையத்தில் குறியை வைத்து எடுக்கும் முறைக்கு உரிமம் கோரினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேர்ல்விண்ட் என்னும் பொறியைக் கட்டிய ஜே பாரஸ்டர், நெடுக்கும் குறுக்கும் ஓடும் கம்பிகளின் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு வளையத்தைக் கோக்கும் வலையமைப்பை உருவாக்கினார். ஒரு கம்பியில் பாதி மின்சாரம், மற்றொரு கம்பியில் பாதி மின்சாரம். இரண்டும் சந்திக்கும் வளையம் ஒன்று மட்டுமே அசையும், ஏனையவை அசையா. 1953 ஆகஸ்டில் வேர்ல்விண்டில் இவ்வலைகள் பொருத்தப்பட்டன. கேட்ட எண்ணை எடுத்துத் தர முன்பு 25 மைக்ரோநொடி ஆயிற்று, இப்போது 9.

காந்த வளையத்துக்கும் ஒரு விந்தையான குணம் உண்டு. அதில் எழுதியதைப் படித்தால் அது அழிந்துவிடும். வளையத்தைச் சுழியமாக்கிப் பார்த்து, அது எதிர்த்துப் புரண்டதா என்பதைக் கொண்டுதான் முன்பு அங்கே ஒன்று இருந்ததா என்று அறிய முடியும். ஆகவே ஒவ்வொரு முறை படித்த பின்னும், படித்ததை மீண்டும் எழுதிவைக்க வேண்டும். யாரும் கேட்காத வரை, மின்சாரமே இல்லாவிட்டாலும், அது ஆண்டுக்கணக்கில் தன்னிடம் உள்ளதைக் காத்து வைத்திருக்கும். கேட்டவுடன் சொல்லிவிட்டு மறந்துபோகும்.

பாரஸ்டரின் உரிமத்துக்காக ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் 1 கோடியே 30 இலட்சம் டாலர் கொடுத்தது. ஆனால் வளையங்களைக் கோத்தவர்கள் யார்? கடுகளவே ஆன வளையங்கள். அவற்றின் துளைக்குள் மூன்று நான்கு கம்பிகள் செல்ல வேண்டும். உருப்பெருக்கியின் கீழே ஊசி கொண்டு பெண்கள்தாம் கோத்தார்கள். வேலையில் ஒரு பகுதிக்குப் பொறிகள் வந்த பிறகும் மனிதக் கை தேவைப்பட்டது. 1960களில் அந்த வேலை ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களுக்கு வந்தது. ஒரு வலையில் ஆயிரக்கணக்கான வளையங்கள். ஒன்று தவறினாலும் பொறி பிழையான விடை தரும்.

ஆசியாவிலும் இவ்வளையங்களைக் கொண்ட கணிப்பொறிகள் வேரூன்றின. பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழு, அதற்குமுன் கணிப்பொறி கட்டிய அனுபவம் எதுவுமின்றி, டிப்ராக் என்னும் பொறியைக் கட்டியது. மாதிரிப் பொறி 1956இல் இயங்கியது. முழுப்பொறி 1960இல் பயனுக்கு வந்தது. அதன் நினைவகம் 40 பிட் கொண்ட 2,048 சொற்களாலான காந்த வளைய வலை. 1960களின் முற்பகுதியில் சிங்கப்பூரின் மத்திய சேம நிதிக் கழகமும், 1966இல் மலேசியாவின் தேசிய மின்சார வாரியமும் நிறுவிய ஐ.பி.எம். 1401 பொறிகளும் காந்த வளையங்களைக் கொண்டவையே. தொழிலாளியின் சேமிப்பும் வீட்டு விளக்கின் கட்டணமும் அவ்வளையங்களின் வழியே கணக்காயின. 1401இன் நினைவகம் இயங்கும்போது வானொலி அலைகளும் எழுந்தன. அருகில் ஒரு வானொலிப் பெட்டியை வைத்துக் கட்டளைகளைத் தக்கபடி அமைத்தால் இசை கேட்கும். ஐஸ்லாந்தில் ஓய்வுபெற்ற ஒரு 1401இன் அத்தகைய இசை நாடாவில் பதிவு செய்யப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது.

நிலவுக்குச் சென்ற அப்பல்லோ விண்கலங்களின் கணிப்பொறியில் இக்கலை நெசவாகவே மாறியது. கம்பி வளையத்தினூடே சென்றால் ஒன்று. புறத்தே சென்றால் சுழியம். அவ்வாறு நெய்யப்பட்ட வடத்தில் 36,864 சொற்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் இருந்த ஆலையில் பெண்கள் அவற்றை நெய்தனர். பொறியாளர்கள் அதைப் பாட்டிமார் நினைவகம் என்று வேடிக்கையாக அழைத்தனர். நெய்து முடித்த பின் கட்டளையில் ஒரு பிழை தென்பட்டால் எழுத்தை அழிப்பதுபோல் அழிக்க இயலாது. புதிதாக நெய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். 1969 ஜூலையில் மனிதர் நிலவில் இறங்கியபோது அவர்களுக்கு வழிகாட்டிய கட்டளைகள், பெண்களின் விரல்கள் வழியே சென்ற கம்பிகளில் இருந்தன.

1970 அக்டோபரில் இன்டெல் நிறுவனம் 1103 என்னும் நினைவுச் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் காந்த வளையங்களின் காலம் முடிந்தது. விரல்நகத்தினும் சிறிய அந்தச் சிலிக்கன் துண்டில் அடங்கியவை 1,024 பிட்டுகள். மான்செஸ்டர்க் குழந்தையின் நினைவில் இருந்ததும் அதே 1,024. எண் மட்டும் ஒத்ததன்று, குணமும் ஒத்தது. சில்லில் தேங்கிய மின்னூட்டமும் கசிந்துவிடும். 1103இல் ஒவ்வோர் இரண்டு மில்லிநொடிக்குள்ளும் எல்லாவற்றையும் படித்து மீண்டும் எழுதவேண்டியிருந்தது. இன்றைய மேசைக் கணிப்பொறியும் கைப்பேசியும் இதே வகை நினைவகத்தைக் கொண்டவை. அவையும் மறக்க மறக்க எழுதிக்கொண்டே இருக்கின்றன. வில்லியம்ஸும் கில்பர்னும் 1948இல் செய்த ஏற்பாடு சிலிக்கனுக்குள் குடிபுகுந்துகொண்டது. மான்செஸ்டர்க் குழந்தையின் மறுவடிவம் 1998இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது அந்நகரில் இயக்கப்பட்டது. மூலப்பொறியோ பிற பொறிகளுக்குள் கரைந்து எப்போதோ போயிற்று.

சில்லைச் செய்வது ஒரு பணி. அதை வெளியுலகோடு இணைப்பது மற்றொரு பணி. 1972இல் இன்டெல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தன் தொகுப்பாலையைத் தொடங்கியது. அந்நாளில் அந்நிறுவனத்தின் தலையாய விளைபொருள் நினைவுச் சில்லுகளே. பினாங்கில் அவ்வாண்டுகளில் எழுந்த மின்னணு ஆலைகளின் நெடிய மேசைகளில், உருப்பெருக்கியில் கண்களைப் பதித்து, சில்லின் விளிம்பிலிருந்து வெளிக்கால்களுக்கு மயிரிழையினும் மெல்லிய பொற்கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் மலாய், சீன, தமிழ்ப் பெண்கள். கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் தொழிற்சாலைப் பேருந்தில் வந்து, இரவு முறையிலும் பகல் முறையிலுமாக மாறி மாறி உட்கார்ந்தார்கள்.